மேசையில் வைத்த ஆரஞ்சுத் தோட்டாக்கள்

ஈனிட், ஒக்லஹோமா
4 மார்ச் 2018

அன்புள்ள நார்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுதித் தொலை என்றாய். இதோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. டல்சாவில் உன் தங்கை வீட்டுச் சாப்பாடு எப்படி? அவள் வேகவைக்கும் பீன்ஸைத் தின்று இளைத்திருப்பாய்.

மே 12, சனிக்கிழமை, எங்கள் கிளப்பில் மூன்று துப்பாக்கிப் போட்டி. ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி மூன்றையும் ஒரே ஓட்டத்தில் சுட வேண்டும். இரண்டு வருடம் கழித்து மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வீட்டுக்குள் பயிற்சி கிடையாது. கராஜில், கான்கிரீட் சுவரைப் பார்த்து மட்டும்தான். நிஜத் தோட்டாக்களை டிரக்கில் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு ஹோமரிடம் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து கண்ணால் பார்க்கிறேன், சுண்டுவிரலை விட்டுத் தடவுகிறேன், மறுபடி பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டம்மித் தோட்டாக்களை ஷாட்கனில் வேகமாக நிரப்பிப் பழகுவேன். "என்னடா லைல், பச்சப்புள்ளைக்குக் காது குடையிற மாதிரி குடையிற?" என்று ஹோமர் கேலி செய்கிறான். செய்யட்டும்.

போன வாரம் மைதானத்தில் நடந்த இன்னொரு போட்டியைப் பார்க்கப் போனேன். தொண்ணூறு பேர், ஆளுக்கு மூன்று துப்பாக்கி. அத்தனையும் காலி! நடுவர் சொல்லும்வரை ஒருத்தரும் ஒரு தோட்டாவைக்கூட நிரப்புவதில்லை. அடேயப்பா, மலைத்துப்போய் நின்றேன். எத்தனை வருடம் அதன் நடுவிலேயே இருந்தும் எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

அன்றைக்கு அது வெடித்ததிலிருந்து நான் எவ்வளவு மாறியிருக்கிறேன் என்று நீ வந்து பார்க்க வேண்டும். வருவாயா?

உன் லைல்


டல்சா
19 மார்ச் 2018

லைல்,

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறேன்.

"அது வெடித்தது" என்று எழுதுகிறாய். நான் அடுப்படியில் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். படுக்கையறைச் சுவரைத் துளைத்து வந்த குண்டு, என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி ஃபிரிட்ஜில் பாய்ந்தது. ஓடி வந்து பார்த்தால், துப்பாக்கியோடு நிற்கிறாய். நீ சொன்ன முதல் வார்த்தை என்ன? "தானா வெடிச்சிருச்சு நார்மா, ஸ்பிரிங் சரியில்ல." துப்பாக்கி ரிப்பேர்க்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் புதுசு மாதிரி இருக்கிறது என்றார். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை.

குண்டுக்குப் பயந்து நான் வீட்டை விட்டு வரவில்லை. கை தவறும், யாருக்கும் தவறும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனோடு ஒரே கூரையின் கீழ் எப்படித் தூங்குவது? நீ ஆயிரம் பூட்டுப் போட்டுக்கொள். நான் வரமாட்டேன்.

நார்மா

முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா இல்லையா?


ஈனிட்
13 மே 2018

அன்புள்ள நார்மாவுக்கு,

நேற்று நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. போட்டி தொடங்குமுன்பே வெளியேற்றிவிட்டார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் பாதுகாப்பு மேசை இருக்கும், உனக்குத் தெரியும். துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் தொடலாம், ஆனால் அங்கே தோட்டாவைத் தொடவே கூடாது. டம்மித் தோட்டாவும் கூடாது. காலையில் அந்த மேசைக்குப் போனேன். இரண்டு மாத கராஜ் பழக்கம், பையிலிருந்த ஆரஞ்சுத் தோட்டா நான்கை மேசைமேல் வைத்து ஷாட்கனில் நிரப்பிப் பார்த்துவிட்டேன். நான்காவது உள்ளே போனதும்தான் புத்தி வந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை.

இருபது அடிகூடப் போயிருக்கமாட்டேன். கால் வரவில்லை. போட்டித் தலைவி ட்ரூடியிடம் போய்ச் சொன்னேன்.

"யாருய்யா பாத்தா?"

"யாரும் பாக்கலம்மா."

"பின்ன எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?"

"பண்ணது நான்தானே."

அந்தம்மா தொப்பியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சட்டம் சட்டந்தான் லைல். மூணையும் டிரக்குல வச்சுப் பூட்டிட்டு வா. இலக்குக்கு ஒட்டுப்போட ஆள் பத்தல" என்றாள். சாயங்காலம்வரை வெயிலில் குண்டு துளைத்த அட்டைகளுக்கு ஒட்டுப் போட்டேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தத் துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை. நான் உள்ளே பார்க்கவில்லை. காலி என்று நினைத்து விசையை அழுத்தினேன். நான்தான் அழுத்தினேன். உன் முகத்தைப் பார்த்ததும் பயந்து பொய் சொன்னேன். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற உன்னையே இழந்தேன்.

லைல்


டல்சா
18 மே 2018

அன்புள்ள லைலுக்கு,

சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன்.

தங்கையிடம்கூடச் சொல்லாமல் காலையிலேயே வந்துவிட்டேன். நீ சொதப்புவதைப் பார்க்கத்தான் வந்தேன், ஒளிப்பானேன். காதை மூடிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்த நான்கு தோட்டாக்களையும் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் உன்னோடு குப்பை கொட்டியவளுக்கு அந்தச் சட்டம் தெரியாதா? நீ அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவற்றைப் பையில் போட்டதையும் பார்த்தேன். சீ, இவன் திருந்தவே மாட்டான் என்று கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது நீ நின்றாய். திரும்பி அந்தத் தொப்பிக்காரியை நோக்கி நடந்தாய். நீங்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் தொப்பியைக் கழற்றியது தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஆள் விஷயம் கேள்விப்பட்டு வந்து, "தானே போயி சொல்லிட்டாராம்!" என்று தன் பெண்டாட்டியிடம் மெதுவாகச் சொன்னான். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது, லைல். இவனா என் புருஷன் என்று கார் சாவியைத் திரும்பக் கைப்பையில் போட்டேன். நீ அட்டை அட்டையாக ஒட்டுப் போடுவதை மூன்று மணிநேரம் அந்த வெயிலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடத்தில் நீ ஜெயித்த எந்த நாளிலும் உன்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆனாலும் உன்னிடம் பேசாமல் திரும்பிவிட்டேன். அவளிடம் சொன்னாய், என்னிடம் இன்னும் சொல்லவில்லையே என்று.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை, 26ஆம் தேதி, மதியம் வருகிறேன். பெட்டி காரிலேயே இருக்கும். நீ எழுதியதை என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை வாயால் சொல். சொன்ன பிறகு நீயே போய்ப் பெட்டியை இறக்கு.

நார்மா