மூன்றாவது ஓட்டை இழுக்கவில்லை

இஞ்சாருங்கோ,

நான் கூப்பிட்டால் "ம்" கொட்டாமல் இருப்பதற்கு உங்களுக்கு இப்போது நல்ல வசதியாகப் போய்விட்டது. பரவாயில்லை, கேளுங்கள்.

காலபோக நெல் வெட்டியாயிற்று. குரங்குகள் தென்னையில் குரும்பட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. புளியங்குளச் சந்தியில் பஸ் இப்போதும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் மவுத் ஓர்கனைப் பற்றி.

கடைசி மாதங்களில் நீங்கள் அதைத் தொடவில்லை. கேட்டால், "அது பழுதாப்போச்சு. மூண்டாவது ஓட்டை இழுக்குதில்லை" என்று சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டீர்கள். உங்களுக்கு முட்டு வந்து நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. வாசிக்க மூச்சில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஓர்கனில் பழியைப் போடுகிறீர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கனடாவிலிருந்து மகளும், "அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதேங்கோ அம்மா" என்றாள். ஒருவரும் உங்களை வற்புறுத்தவில்லை. அதுதான் மரியாதை என்றிருந்தோம்.

பொய் சொல்ல வராத மனிதர் நீங்கள். அப்படியிருக்க அந்த ஒரு சொல் மட்டும் பொய்தானா? நீங்கள் போன பிறகும் அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

போன சனிக்கிழமை ஹனீபா நானா வவுனியாவிலிருந்து வந்தார். நீங்கள் வாசிக்கும்போதெல்லாம் மேசையில் தாளம் தட்டிய உங்கள் சிநேகிதர் இப்போதும் தேத்தண்ணிக்குச் சீனி காணாது, இன்னும் போடுங்கோ என்கிறார். ஓர்கனை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊதினார். எல்லா ஓட்டையும் கணீரென்று ஒலித்தது.

"பாத்தீங்களா தங்கச்சி, ஒரு பழுதும் இல்லை. அவனுக்கு நெஞ்சு ஏலாமப் போச்சு. சொல்ல ரோசம்."

"ஊதினாப் போதுமோ நானா? இழுக்குதில்லை எண்டெல்லோ அவர் சொன்னவர். இழுத்துப் பாருங்கோ."

"ஓர்கன் ஊதுறதெண்டுதானே நாங்க சொல்லுறம். ஆர் இழுக்கிறது?"

"அதிலை பாதிச் சத்தம் மூச்சை உள்ளுக்கு இழுத்தாத்தான் வரும். இவ்வளவு காலம் பக்கத்திலை இருந்து என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"நான் மேசையைப் பாத்தனான்" என்றார்.

இழுத்தார். முதலாவது ஒலித்தது, இரண்டாவதும் ஒலித்தது. மூன்றாவதில் வெறும் காற்று. நாலாவது பழையபடி ஒலித்தது. திரும்பவும் மூன்றாவதுக்கு வந்தார். காற்றுத்தான்.

"அல்லாஹ்வே" என்று ஓர்கனை மெதுவாக மேசையில் வைத்தார். "அவன் சொன்னது மெய்."

எனக்கு வந்தது சந்தோஷமா, கோபமா? இரண்டும்தான். மூக்குக்கண்ணாடி இறுக்கும் சின்னத் திருப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் மேல் மூடியைக் கழற்றிவிட்டேன். அங்கே இருப்பவை ஊதும்போது ஆடி ஒலிக்கும் நாக்குகள், அவற்றில் குறையில்லை. கீழ் மூடியைக் கழற்றிய பிறகுதான் இழுக்கும் நாக்குகள் கண்ணில் பட்டன. பித்தளையில் மெல்லிய கீலங்கள், ஒவ்வொன்றும் தன் இடுக்கின் மேல் ஆட வேண்டியது. மூன்றாவது ஆடவில்லை. அதன் ஓரத்தில் கபில நிறமாக ஏதோ இறுகிப்போயிருந்தது.

முகர்ந்து பார்த்தேன். உங்கள் இருமல் மருந்துப் பாணி.

மருந்தைக் குடித்த கையோடு வாயைக் கொப்பளிக்காமல் வாசித்திருக்கிறீர்கள். நெஞ்சுக்குக் கொடுத்த மருந்து நாக்கைப் பிடித்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பேன் இதை?

நடுவில் இருக்கும் மரக்கட்டை ஊறிவிடும் என்பதால் தண்ணீரில் போடவில்லை. ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, இளஞ்சூட்டு நீரில் தொட்டுப் பிழிந்து, ஆணி அடித்த பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாக மட்டும் துடைத்தேன். பாணி கரைந்து வந்தது. நானா இழுத்தார். இன்னும் ஊமைதான். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். மற்ற நாக்குகளின் நுனி தகட்டிலிருந்து ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது. இது இடுக்கோடு இடுக்காகப் படுத்துக் கிடந்தது. மூச்சு பட்டதும் வழியை அடைத்துக்கொள்கிறது. ஒரு அட்டையின் ஓரத்தை நுனிக்குக் கீழே செருகி, மிக மெதுவாக நிமிர்த்தினேன். அவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தமுறை நீங்க இழுங்கோ தங்கச்சி."

உங்கள் வாய் பட்ட அந்தச் சாமானில் நான் ஒருநாளும் வாய் வைத்ததில்லை. எச்சில் பார்ப்பவள் என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். அன்று துடைக்காமலே வைத்து இழுத்தேன். ஒலித்தது. முதலில் கரகரத்து, பிறகு சுத்தமாக.

நானா அதை வாங்கித் தானும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப இதை அண்டைக்கே திருத்தியிருந்தா அவன் கடைசி மட்டும் வாசிச்சிருப்பானே" என்றார்.

வாசித்திருப்பீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மூச்சு எவ்வளவு இருந்தது? ஒரு பாட்டுக்குக் காணுமாயிருந்ததா? நாங்கள் நம்பவில்லை என்று தெரிந்தும் ஏன் ஒருதரமாவது சத்தம் போட்டு எங்களைத் திட்டவில்லை?

உங்கள் பேச்சில் சந்தேகம் இருந்த எவரையும் இனி விடமாட்டேன். மகளிலிருந்து தொடங்குகிறேன். அடுத்தமுறை அவள் போன் எடுக்கும்போது, சுகம் விசாரிக்க முன்னமே அந்த மூன்றாவது ஓட்டையை இழுத்துக் காட்டுவேன். அப்பா சொன்னது மெய் என்று பிறகு சொல்வேன்.

உங்கள் மனைவி,
றோசலின்