சோப்பு போட்டுக் கழுவிய மீன்தொட்டி

அண்ணி,

இன்று காலை தெருக்குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. குடத்தை வைத்துவிட்டு உன்னை நினைத்தபடி நின்றுவிட்டேன். "குடம் வயியுது பாரு" என்று பின்னால் நின்றவள் கத்திய பிறகுதான் நினைவு வந்தது.

மானாம்பதியிலிருந்து நீ எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நமக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம். மறு வருடமே ஐந்து மாதக் கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாய். பிறகு சுவரைப் பார்த்தே படுத்திருப்பாய். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். "குடம் தூக்காதன்னா கேட்டாத்தான" என்று அம்மா வாசலில் யாரிடமோ சொன்னது உன் காதில் விழுந்ததா என்று அப்போது எனக்குத் தெரியாது.

சென்னையில் லேத் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் ஒரு சனிக்கிழமை, கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினான். காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் ஆறு தங்கமீன்கள். "காலைல நீதான் தீனி போடணும்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு மறுநாள் கிளம்பிப் போனான். திங்கட்கிழமை நீ எழுந்தாய். பத்து நாளில் மீன்களோடு பேசவே ஆரம்பித்துவிட்டாய். வால் கிழிந்த ஒன்றை "வாடா ரவுடி" என்பாய். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ, நீ வாய் திறந்ததே போதுமென்றிருந்தது.

உன் தம்பிக்குப் பெண் பார்க்க மூன்று நாள் ஊருக்குப் போனாய். தொட்டித் தண்ணீர் பச்சை பூத்திருந்தது. நீ திரும்பும் நாள் காலையில் எனக்கு ஓர் ஆசை. மீன்களைப் பக்கெட்டில் மாற்றிவிட்டு, தொட்டியையும் கூழாங்கற்களையும் சோப்புத் தூள் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன். குழாய்த் தண்ணீரைப் புதிதாக நிரப்பி மீன்களை விட்டேன். கண்ணாடி பளபளவென்றிருந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்து நீர் இறைத்து அலுமினிய அன்னக்கூடையில் ஊற்றி, உயிர் இருந்த ஒன்றை மட்டும் அதில் விட்டேன். ரவுடி.

"கரண்டு போச்சி, தொட்டிக்குக் காத்து வுடற மோட்டார் நின்னுட்ச்சின்னு சொல்லிடு. இன்னாத்துக்கு பேஜாரு?" என்றாள் அம்மா. நானும் அப்படியே சொல்லத்தான் இருந்தேன், அண்ணி. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

நீ வந்தாய். செத்த மீன்களைப் பார்த்தாய். தொட்டிக்குள் கைவிட்டு முகர்ந்தாய்.

"இன்னாடி இது, சோப்பு வாடை அடிக்குது?"

"தண்ணி பச்சையா கீதேன்னு… நீ வர்றதுக்குள்ள பளிச்சினு ஆக்கி வெக்கலாம்னு பாத்தேன் அண்ணி."

 சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். பழையபடி போய்ப் படுத்துவிடுவாயோ என்பதுதான் என் பயம். நீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"நான் குடம் தூக்குனதாலதான் கொயந்த போச்சின்னு ஊரே பேசிச்சி," என்றாய். "வூட்ல பொட்டுத் தண்ணி இல்ல. அதான் தூக்கினு வந்தேன். நான் கெட்டது நெனச்சா செஞ்சேன்? நீயும் நல்லதுக்குத்தான் செஞ்ச. அழாதடி."

சொல்லிவிட்டு நீதான் அழுதாய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதன்முறையாக. அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

அண்ணன் தங்கமீன் வாங்கிய கடையில் விசாரித்து, நம் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து சொன்னான்: சோப்பு கூடவே கூடாது, குழாய்த் தண்ணீரை, பிளீச்சிங் மருந்து போக, ஒரு நாள் திறந்த பக்கெட்டில் வைத்துப் பிறகுதான் ஊற்ற வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றினால் போதும், கல்லைக்கூட எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். அந்த ஞாயிறு நாம் எழுந்து பார்த்தபோது, அம்மா கொண்டுவந்த இரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் தொட்டியருகே இருந்தது. "இதுல மருந்து கெடையாது. ஊத்துங்க" என்றாள். உன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். நீ குடத்தை வாங்கப் போனபோது தடுத்து, "வுடு, நான் ஊத்தறேன்" என்றாள். மன்னிப்புக் கேட்க அம்மாவுக்குத் தெரிந்த வழி அதுதான்.

ரவுடி அதன்பிறகு நான்கு வருடம் இருந்தது. உன் மகன் தவழ்ந்து போய்க் கண்ணாடியைத் தட்டும்வரை இருந்தது. நீ போய் இந்த மாசியோடு இரண்டு வருடம். சாவு வீட்டில் அம்மா உன் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

உன்னுடைய பொறுமை எனக்கு வரவில்லை, அண்ணி. என் மகள் எதையாவது கெடுத்துவிட்டு வந்து நின்றால் முதலில் கத்தித்தான் விடுகிறேன். பிறகு மனசு கேட்காமல், ஈரக் கையோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அவளாகப் பேசும்வரை எழுந்திருப்பதில்லை. உன்னிடமிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது அவ்வளவுதான்.