காற்றுக்குப் போட்ட உத்தரவு

மார்ச் 3
சுற்றுச்சூழல் துறையில் சேர்ந்தபோது மரம், ஆறு என்று ஏதோ நினைத்தேன். இன்று முதல் நாட்டின் பாதுகாப்பும் என் தலையில். நாசக்காரர்கள் குடிநீர் நிலையத்தில் புகுந்து குளோரின் உருளையை உடைத்தால் ஊரைக் காப்பாற்றுவது எங்கள் பிரிவாம். பிரிவு என்றால் நான், இயக்குநர், ஓடாத மின்விசிறி.

மார்ச் 9
திட்ட வரைபடம் வந்தது. வாயு கசிந்தால் எல்லோரும் நிலையத்துக்குக் கிழக்கேயுள்ள மைதானத்தில் கூட வேண்டும். காற்று மேற்குப் பக்கம் போவதாக அம்புக்குறி அச்சாகியிருக்கிறது.

"சார், காத்து திரும்பிடுச்சுன்னா?"

"படத்துக்கு ஒப்புதல் வாங்கியாச்சும்மா. காத்து வானிலைத் துறை விஷயம்" என்றார் இயக்குநர்.

ஏன் அந்த மைதானம்? விருந்தினர் கார் நிறுத்த நிழல் இருக்கிறதாம்.

மார்ச் 15
ஒத்திகை. வாசல் காவலர் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோதித்தார். நாடு பத்திரம். உருளை வால்வு துருப்பிடித்திருப்பதைச் சொன்னேன். அது பராமரிப்புப் பிரிவு வேலையாம். வாயுவுக்குப் பதிலாகப் பச்சைப் புகை விட்டார்கள். புகைக்கு வரைபடம் படிக்கத் தெரியாது போலும். நேரே மைதானத்துக்கு வந்து மேடையிலிருந்த பெரிய மனிதர்களை இரும வைத்தது. 'ஒத்திகை முழு வெற்றி' என்று அறிக்கை எழுதினேன். எழுதச் சொன்னார்கள்.

மார்ச் 16
அக்கா வீடு நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில். ஆஸ்துமாக்காரி. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சைரன் அடிச்சா மைதானத்துக்குப் போகாதே. துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாரு. வாயு அந்தப் பக்கம்தான் போகும். நீ குறுக்கால நடந்து விலகிடு."

"இதைச் சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?"

சொன்னதை என்றைக்குக் கேட்டிருக்கிறாள்?

ஏப்ரல் 2
சைரன். நிஜம். நாசக்காரன் எவனும் வரவில்லை, துருவே போதுமாக இருந்தது.

ஒலிபெருக்கி அறையில் நான். ஜன்னலுக்கு வெளியே துறையின் பதாகை கிழக்கே, மைதானத்தைப் பார்த்துப் படபடக்கிறது. "எழுதி வெச்சதைப் படி" என்கிறார் இயக்குநர். எழுதி வைத்தது — எல்லோரும் மைதானத்துக்கு.

படிக்கவில்லை. "மைதானத்துக்குப் போகாதீங்க. துணி பறக்குற பக்கம் போகாதீங்க. வடக்கே பெரிய ரோட்டுக்குப் போங்க." மைக்கைப் பிடுங்குவதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அக்கா போனை எடுக்கல. எடுக்கவே இல்ல. போயிட்டாளா? எந்தப் பக்கம் போனா?

ஏப்ரல் 3
ஆஸ்பத்திரி. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அக்கா. தெரு ஜனம் மொத்தமும் வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இவள் மட்டும் கடைசி.

"துணியைப் பாருன்னு நீதானே சொன்னே? பார்த்தேன். காய்ஞ்சிருந்துது. எடுத்துட்டு வந்தேன்."

அழுதுகொண்டே திட்டினேன். கட்டிலுக்கடியில் துணி மூட்டை.

ஒரு உயிரும் போகவில்லை. மைதானத்து மரங்கள் கருகி நிற்கின்றன.

ஏப்ரல் 10
அனுமதியின்றிக் காற்றின் திசையை அறிவித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ. காற்றும் அனுமதி வாங்கவில்லை என்று பதில் எழுதினேன்.

மே 6
காற்றுத் திசை காட்டும் துணிக்கூம்பு வாங்க டெண்டர் விட்டிருக்கிறார்கள். வரும்போது வரட்டும். அதுவரை அக்காவின் பழைய புடவைக் கிழிசலை நிலையத்தின் கம்பத்தில் கட்டியிருக்கிறேன். பக்கத்து உருளையின் வால்வும் துருதான்.

காலையில் இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். காரிலிருந்து இறங்கி, அண்ணாந்து கிழிசலைப் பார்த்தார். மறுபடி ஏறி, காரைக் கொண்டுபோய்க் கிழிசல் பறக்காத பக்கம் நிறுத்தினார்.