பெரியவருக்குச் சிவப்பு சோப்பு

கடையில் வேறு சோப்பு இல்லையென்று இன்று காலை சிவப்பு சோப்பு வாங்கிவந்தேன். உறையைப் பிரித்ததும் வீடு முழுக்க நீதான்.

காலையும் மாலையும், யானைக்கால் வந்த அந்த இடது காலை இந்தச் சோப்பு போட்டுத்தான் கழுவுவாய். விரல் இடுக்கெல்லாம் துடைத்து, பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வாய். கடப்பாக்கத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "இன்னாடி, பெரியவரு குளிச்சிட்டாரா?" என்பேன். "ஆச்சு. உன்ன ஒதைக்கணும்னு கேட்டுக்கினு கீறாரு" என்பாய். வெளியே கிளம்பினால் பெரியவர் தெரியாதபடி புடவை தரையைக் கூட்டும்.

ஆனால் சில நாள் நீயே புடவையை முழங்கால்வரை வழித்துவிட்டு, ஊரே பார்க்கட்டும் என்று வாசல் பக்கமாகப் படுத்திருப்பாய். அன்றைக்கெல்லாம் கால் நன்றாகத்தான் இருக்கும். மனசுதான் எழுந்திருக்காது. சோறு இறங்காது, யார் பேசினாலும் அழுகை வரும். கால் நோவு என்றால் உன்னோடு இருந்த நாத்தனார் படுக்கவிடுவாள். அவளைப் பொறுத்தவரை வீங்கினால்தான் வியாதி.

ஒருமுறை அவளிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாய். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "மனசு கெட்டுப்போச்சா? அது இன்னா மீனாடி, ஐசு வெக்காம வுட்டா கெட்டுப்போறதுக்கு? ஒடம்பு வணங்கலன்னு சொல்லேன்." சாயங்காலத்துக்குள் தெருக்குழாய்வரை உன் பேர் பைத்தியம். அந்த வாய்க்கு மட்டும் ஒருநாளும் லீவு கிடையாது.

மறுநாள்தான் முதன்முதலாகப் புடவையை வழித்துக்கொண்டு படுத்தாய். எனக்கு ஆத்திரம். "மறைச்சு மறைச்சு வெச்ச கால ஏண்டி இப்டி காட்டிக்கினு கீற?" என்றேன்.

"யானக்கால்னா வழி வுட்றாங்கடி. பைத்தியம்னா கல்லு எடுக்கறாங்க."

எனக்கே கிண்டல் வராமல் போன நாள் அது.

கடைசியில் நிஜமாகவே காலில் ஏறிய காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. "காலாலயே போனியே" என்று நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள். ஒப்பாரியில்கூட உன் மனசுக்கு இடம் கொடுக்காத மகராசி.

ரெண்டாயிரமாம் வருசமும் பிறந்தாயிற்று, அவள் இன்னும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள். இன்றைக்கு நான் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே வந்து சேர்ந்தாள். உள்ளே என் மருமகள் இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எட்டிப் பார்த்துவிட்டு, "கை காலெல்லாம் நல்லாத்தான கீது. இவளுக்கு இன்னா கேடு?" என்றாள்.

"மனசு சரியில்ல யக்கா, படுத்துக்கினு கீறா" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "அது இருக்கறவங்களுக்குத்தான் நோவும். நீ பயப்படாத, உனக்கு வராது."

அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மருமகள் திரும்பவில்லை. கால் தெரியாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தே இருந்தாள். இருக்கட்டும்.