யோஸ்ட் போட்ட முடிச்சு

என் கண்ணே,

ஜெயித்துவிட்டோம்! மிலான் படை கடல்போல் வந்தது; நாங்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். முந்தின நாளே ஓடையை வெட்டி ஜியோர்னிக்கோ கிராமத்து வயல்களில் பாய்ச்சிவிட்டோம். விடிவதற்குள் வயலெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. குதிரைகள் காலைப் பரப்பிக்கொண்டு விழுந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டு, நாங்களும் பின்னாலேயே இறங்கினோம்.

கைகொடுத்தது எது தெரியுமா? செங்குத்துச் சரிவில் புல் அறுக்கும்போது காலில் கட்டுவோமே, அந்த இரும்புப் பற்கள்! நம் ஊரி நாட்டு ஆட்கள் பலரும் அதைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டிமேல் ஓடினோம். நம் வீட்டில் இருந்தது ஒரே ஜோடிதான். உன் தம்பி யோஸ்ட் குனிந்து என் காலிலேயே கட்டிவிட்டான்.

"நீயே போட்டுக்க மச்சான். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா என்னைக் கொன்னே போட்டுடுவா!"

என்ன சிரிப்பு அவனுக்கு!

சண்டை முடிந்ததும் இந்தப் பள்ளத்தாக்குப் பெண்கள் கஷ்கொட்டைக் கஞ்சி ஊற்றினார்கள். அவர்கள் பேசும் இத்தாலியம் ஒன்றும் புரியவில்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம்தான். எனக்கு மட்டும் இரண்டு, யோஸ்டுடையதும் சேர்த்து.

கணவாயில் பாதை திறந்ததும் வந்துவிடுவேன். உன் அம்மாவிடம் நானே நேரில் பேசிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

இரும்புப் பற்கள் பத்திரம். இன்னும் காலில்தான் இருக்கின்றன. அவன் போட்ட முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

உன் வீட்டுக்காரன்