தவமணி என்று எழுதியது நான்தான்

அன்பு மாறாத மீனாட்சி அக்காவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுதியிருந்தால், நானே வந்து படித்தும் காட்டியிருக்க வேண்டும். இப்போது யார் படித்துக் காட்டுவார்களோ தெரியவில்லை. ஆனாலும் போன வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தவமணி வந்திருந்தாள். சிடாம் கிரி பக்கம் நம் ரப்பர் தோட்டத்தில் பார்வதிக்கு நீங்கள் பிரசவம் பார்த்த மூன்றாவது பிள்ளை. இப்போது பாலிங்கில் இருக்கிறாள். அவளுக்கே பேத்தி பிறந்துவிட்டாள், அக்கா! மணியில் முடிகிற பெயராக வேண்டுமாம்.

"அதுக்கு முன்னாடி, என் பேரு யாரு வெச்சதுன்னு சொல்லுங்க ஐயா. அம்மாவக் கேட்டா, மருத்துவச்சி அக்கா வெச்சதும்பாங்க" என்றாள்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகத் தோட்ட அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், பிறப்புத் தாள்களை எழுதும் வேலை எனக்கு. எங்கு பார்த்தாலும் மணிதான். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போன தகப்பனின் காலருகே நாகம் வந்து ஒன்றும் செய்யாமல் போனதால் நாகமணி. தாத்தா முத்துவின் பெயரை விடக்கூடாதென்று முத்துமணி. மணி என்றால் இரத்தினம், கண்ணின் பாவை, நெல்லின் விதை என்று என் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி உங்களிடம் படித்துக் காட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அதெல்லாம் பொஸ்தகத்துல, தம்பி. இங்க நான் மொதல்ல எடுத்த புள்ள கண்மணி. அது தங்கிருச்சி. அதான் எல்லாத்துக்கும் மணி."

தோட்டமே என்னை ஐயா என்றது. நீங்கள் மட்டும்தான் தம்பி என்றீர்கள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் முப்பது நாள் கழியாமல் பெயர் வைக்க மாட்டார்கள். என் தாளிலோ பெயருக்கு ஒரு கட்டம். கட்டம் காலியாகக் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த மாதத் தாள்கள் சுங்கைப்பட்டாணிப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில், பார்வதியின் பிள்ளைக்கு வயது பதினொரு நாள். இரண்டைப் பறிகொடுத்தவளுக்குத் தவமிருந்து கிடைத்த மணி என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தவமணி என்று எழுதி அனுப்பிவிட்டேன். அது என் அம்மாவின் பெயரும்கூட. அதை உங்களிடம்கூட நான் சொல்லவில்லை.

பெருமையாக உங்களிடம் சொன்னபோது, அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"யாரு கேட்டா ஒங்கள? ரெண்ட மண்ணுல வெச்சவ அவ. இதக் குப்ப மேட்டுல உருட்டி எடுத்து, குப்பம்மான்னு கூப்புட்டுக்கிட்டு இருக்கா. சாவு வந்து எட்டிப் பாத்தாலும் குப்பதானேன்னு போயிரணும். நீங்க போயி ரத்தினம்னு எழுதி வெச்சிருக்கீங்களே!"

படித்தவன் நான். அந்த நம்பிக்கை எனக்கில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருபதாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும், என் படிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. "தாளு பேசாது. நீங்களும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் பார்வதி வீட்டிலேயே தங்கிவிட்டீர்கள். மூன்றாம் நாள் காலை, அலுவலக ஜன்னலில் உங்கள் தலை தெரிந்தது.

"குப்பம்மா பால் குடிக்கிறா. போயி ஒங்க வேலையப் பாருங்க."

ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டது. வாத்தியார் தவமணி என்று கூப்பிட, பிள்ளை எழுந்திருக்கவே இல்லையாம். பார்வதி தாளோடு அலுவலகத்துக்கு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் எழுதச் சொன்னேன்" என்றீர்கள் நீங்கள். திறக்க வந்த வாயை நான் மூடிக்கொண்டேன். இத்தனை வருடமும் மூடியே வைத்திருந்தேன். எனக்காக அந்தப் பழியை ஏன் ஏற்றீர்கள், அக்கா? நான் பயந்தாங்கொள்ளி என்று தெரிந்துதானா?

போன வாரம் தவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மாவின் பெயர் உட்பட. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நிமிர்ந்தால், அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்!

"அம்மாவுக்கு அப்பவே தெரியும், ஐயா. 'அக்காவுக்கு மணி தெரியும், தவம் எங்கேருந்து வந்துச்சி? அது படிச்ச கிராணியார் ஊட்டுப் பேருல்ல'ன்னு சிரிப்பாங்க. நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

"அம்மாவுக்குக் கோபம் இல்லையா?"

"எங்க கோபம்? அதுக்குள்ள நான் ஏழு வருசம் உசுரோட இருந்துட்டேனே. வீட்டுல நான் இன்னிக்கும் குப்புதான்."

அதாவது, நாம் பார்வதியிடம் மறைத்தோம், அவள் நம்மிடம் மறைத்தாள். உங்களுக்காவது இது தெரிந்திருந்ததா?

பிறகு பேத்தியின் பிறப்புத் தாளை என் முன்னால் நகர்த்தினாள். "நல்லதா ஒண்ணு எழுதுங்க ஐயா." பிள்ளைக்குப் பத்தொன்பது நாள்தான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பது கழியட்டும், பெற்றவள் வாயிலிருந்து வரட்டும் என்றேன். "அப்படின்னா தாளு இங்கயே இருக்கட்டும், முப்பதாம் நாளு எடுத்தாந்து எழுதுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள்.

முப்பதாம் நாள் பேருந்து ஏறி பாலிங் போவேன், அக்கா. பிள்ளையின் அம்மா எந்தப் பெயரைச் சொல்கிறாளோ, அதைத்தான் எழுதுவேன். குப்பம்மா என்றாலும் அதுதான். மணியில் முடிகிற நான்கு பெயர்கள் மனதில் இருக்கின்றன. கேட்டால் ஒழிய சொல்ல மாட்டேன்.

தாள் மேசைமேல் கிடக்கிறது, பெயர்க் கட்டம் காலியாக. சாப்பாடு இறங்குகிறது, அக்கா.

நீங்கள் மட்டும் தம்பி என்று கூப்பிட்ட,
சின்னக் கிராணி