லினக்ஸுக்குக் குடிபோன பாஸ்கா

பிப். 9, திங்கள்

காலையில் பனி. துணி காயவில்லை. திண்டிவனம் பள்ளிக்கூட ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, விழுப்புரம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை. இந்தக் கிழட்டு மெஷினுக்குப் புது விண்டோஸ் ஏறாதாம். வேறு மெஷின் வாங்க நான் என்ன மகாராணியா. ஆபீசில் லினக்ஸ் போட்டதே நான்தான். வீட்டில் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்.

பென்டிரைவில் ஏற்றியது:
— போட்டோ (ஜெனி ஞானஸ்நானம், வேளாங்கண்ணி, தங்கை கல்யாணம்)
— பாட்டு
— ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட்
— இவர் எழுதிய இயேசு பாடு நாடகம், "பாஸ்கா புதுசு"

நான்கு தடவை சரிபார்த்தேன். பிறகுதான் டிஸ்க்கை அழித்தேன். மதியத்துக்குள் லினக்ஸ் ரெடி. பெருமையில் ஒரு படி மல்லாட்டை வறுத்து, கடலைத் தோல் பறக்கத் தின்றேன்.

பிப். 10, செவ்வாய்

பெருமையாவது மண்ணாவது.

இவர் பட்டறையிலிருந்து வந்ததும் பாஸ்காவைத் திறந்தார். தமிழையே காணோம். ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, கோணல் கோடு. இயேசு பாடுபடுவதில் தொடங்கி உயிர்த்தெழுவது வரை அத்தனை பக்கமும் இதே.

"லூர்து, இன்னாடி இது?"

"ஃபாண்ட் இல்லைங்க. அதான் எழுத்து இப்படித் தெரியுது."

"எங்க போச்சி?"

எங்கே என்று சொல்ல. பழைய டிஸ்க்கில் இருந்தது. துடைத்தது நான். வீடு மாறும்போது பீரோவைத் தூக்கிக்கொண்டு சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே விட்டு வந்திருக்கிறேன்.

யூனிகோடில் அடியுங்கள் என்று பத்து வருஷமாகச் சொல்கிறேன். "கை பழகிடுச்சி." ஒரே பதில். பிரிண்ட்? ஒரு பக்கம்கூட இல்லை. முடித்துவிட்டுத்தான் எடுப்பாராம். மூன்று மாதம் என்னைக்கூடக் கிட்ட விடாமல் அடித்தார். ஞாயிறு, இவர் ஊரான முகையூர் கோயிலில் முதல் வாசிப்பு. நடிக்கிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் சாப்பிட்டேன். குழம்பு என்ன பாவம் செய்தது.

பிப். 11, புதன்

எழுத்து மாற்றிக் கொடுக்கிற தளம், ஏழு பார்த்தேன். பிலாத்து வரும் இடம் ஏதோ புரிகிறது. மீதி குப்பை. எல்லோரிடமும் இருக்கிற ஃபாண்ட் இல்லையாம் இது.

இவர் என்னோடு பேசுவதில்லை. நான் எதிரிலேயே நிற்க, ஜெனியிடம்:

"உங்கம்மாகிட்ட சொல்லு. அந்த எழுத்து திண்டிவனம் பஷீர் பாய் குடுத்த சிடில இருந்திச்சி."

"சிடி எங்கப்பா?"

"கிறிஸ்மஸ் குடிலுக்கு மினுக்கு மினுக்குன்னு தொங்க உட்டாளே, அதுல ஒண்ணு."

ஐயோ. நிஜம். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன். சிடி இருந்தது. முதுகெல்லாம் பசையும் ஜிகினாவும். சுரண்டியதில் பசையோடு, பதிவு இருந்த வெள்ளிப் பூச்சும் வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பதினெட்டு வருஷமாக இவரிடம் கேட்கிறேன், மாதா வேஷம் ஒரே ஒரு தடவை எனக்குக் கொடுங்கள் என்று. "பொம்பளைங்க மேடையேறுனா ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க." தச்சுவேலை செல்வராசு அண்ணன் வருஷா வருஷம் மீசையை மழித்துக்கொண்டு மாதாவாக அழுகிறார். என்னை ஏற்றாத நாடகத்துக்கு நான் லோ லோ என்று அலைகிறேன்.

பிப். 12, வியாழன்

பாசஞ்சர் லேட். ஆபீஸ் முடிந்து பஷீர் பாய் கடை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. பூட்டு. பக்கத்து ஜூஸ் கடைக்காரர்:

"பாய் கோட்டக்குப்பம் போயிக்கிறாரு. மச்சான் துபாய்லருந்து வந்துக்கிறாராம். நாளைக்கி வந்துருவாரு. இல்லாட்டி சனிக்கெழம."

இல்லாட்டி!

"போன் நம்பர்?"

"மாத்திட்டாரேம்மா."

திரும்பும்போது ரயிலில் ஒரு அம்மா போனில் கத்தல்: "பேஜாரு புடிச்ச வேல, உட்டுட்டு வா!" எனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டில் இவர் முகையூருக்குப் பேசிக்கொண்டிருந்தார். "புதுசு இல்லப்பா. பழசையே போட்டுக்கலாம். செல்வராசு அண்ணங்கிட்ட சொல்லிடு, மாதா அவரேதான்." குரல் அப்படியே இறங்கிப்போயிருந்தது. சத்தம் போட்டாலாவது நானும் திட்டலாம்.

பிப். 13, வெள்ளி

பூட்டு. மசால் வடை இரண்டு. எரிச்சல்.

பிப். 14, சனி

பாய் வந்துவிட்டார்.

"அந்த எழுத்தா யக்கா? கொம்பு, புள்ளியெல்லாம் நானே எடம் மாத்தி வெச்சது. நெட்ல தேடிக்கினு இருந்தா ஆயுசுக்கும் கெடைக்காது."

"உங்ககிட்ட இருக்கா பாய்?"

"பழைய மெஷின்ல இருக்கும். ஜல்தியா பாத்துரலாம், குந்துங்க."

ஜல்தி என்றால் இரண்டு மணி நேரம். மெஷின் பரண்மேல். மானிட்டர் ஒயர் சேரவில்லை. டீ இரண்டு. கடைசியில் கிடைத்தது, துக்கடா பைல் ஒன்று. பென்டிரைவில் போட்டேன், மெயிலில் போட்டேன், போனில் போட்டேன். அங்கேயே பாஸ்காவைத் திறந்தேன்.

தமிழ்!

முதல் பக்கம், நடிப்பவர்கள் பட்டியல். பிலாத்து, யூதாஸ், பேதுரு. அப்புறம்:

மாதா — லூர்து மேரி. (கோயில் சாமியாரிடம் பேசியாச்சு. ஊரில் பேசியாச்சு. வாசிப்பு அன்றைக்குச் சொல்லணும். அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது.)

கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். பாய் பயந்துபோனார்.

"யக்கா, எழுத்து சரியா வந்துச்சில்ல?"

வந்தது பாய், நன்றாகவே வந்தது.

பஸ்ஸில் வரவரக் கோபம். மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பைலைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றியிருப்பேனே. மனுஷனா இவர்.

பாய் கடையிலேயே எடுத்து வந்த பிரிண்டைக் கொடுத்தேன். மார்போடு அணைத்துக்கொண்டார். செவ்வாய்க்குப் பிறகு இன்றைக்குத்தான் நேராக என்னிடம் பேச்சு:

"மொதல் பக்கம் பாத்தியா?"

"நேரம் ஏதுங்க? பஸ்ஸப் புடிச்சி ஓடியாந்தேன்."

"ம்." போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். "செல்வராசண்ணே, மீசைய எடுத்துடாத…"

பிப். 15, ஞாயிறு

பனி இல்லை. ஏழரைக்கு முகையூர் பஸ். இவர் மூன்று தடவை கேட்டாயிற்று: "நீயும் வர்றியா?" வேலை கிடக்கிறது, பார்க்கலாம் என்றேன்.

மாதா நிறம், நீலப் புடவை கட்டியாச்சு. அயர்ன் பண்ணவில்லை. சந்தேகம் வந்துவிடும்.